ஃப்ளோல ஒரு ஸ்டெப் போட்டு மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

லீவ்_அப்ரூவல்

ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்துது, அதான் எழுதுறேன். பவர் ஆட்டோமேட்ல (வேலைய ஸ்டெப் ஸ்டெப்பா தானா செய்ய வைக்கிற மைக்ரோசாஃப்ட் டூல், அப்படி கட்டுறதுதான் ஃப்ளோ) லீவ் ஃப்ளோ. ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ல (ஆன்லைன் டேபிள் மாதிரி) ஐட்டம் புதுசா வந்தாலோ மாறினாலோ ஃப்ளோவ தொடங்கி விடுற ட்ரிகர், அப்புறம் அப்ரூவல் ஸ்டெப், அது முடிஞ்சதும் கடைசில அதே லிஸ்ட்ல ஸ்டேட்டஸ மாத்துற அப்டேட் ஐட்டம். படிக்கும்போதே உங்களுக்கு புரிஞ்சிருக்கும், எனக்கு அப்ப புரியல. டெஸ்ட் பண்ணேன், ஒரு மெயில் வந்துச்சு, அப்ரூவ் அமுக்கினேன், பச்சை டிக், டேப்ப மூடிட்டு டீ குடிக்க போயிட்டேன்.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் என் சீட்டுக்கே வந்தாரு. ரொம்ப சாந்தமான மனுஷன், ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி. கண்ணாடிய கழட்டி துடைச்சிக்கிட்டே, "தம்பி, இப்ப வந்த புது சிஸ்டத்துல ஒரு லீவுக்கு எத்தன தடவ அப்ரூவ் பண்ணணும்?"னு கேட்டாரு. ரன் ஹிஸ்டரிய திறந்து பாத்தா அதே பையன், அதே ரெண்டு நாள் லீவு, 11 தடவ. அவர் அப்ரூவ் அமுக்க அமுக்க லிஸ்ட் மாறுது, மாறினதும் சில நிமிஷத்துல அடுத்த மெயில் போகுது. ஐடி டிபார்ட்மெண்ட்ல ஏதோ ரூல் போட்டிருக்காங்கன்னு நெனச்சி காலைலேந்து விடாம அமுக்கிட்டு இருந்திருக்காரு. திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

பின்னலாடை_பையன்

எனக்கு பச்சை டிக்க பாத்தாலே பயமுங்க. திருப்பூர்ல ஒரு கம்பெனில ஜாப் ஒர்க் பண்றவங்களுக்கு வாராவாரம் பேமெண்ட் விவரம் மெயில் அனுப்புற ஃப்ளோ, நான்தான் கட்டுனேன். லிஸ்ட்லேந்து ஆளுங்கள எடுக்க கெட் ஐட்டம்ஸ், அப்புறம் ஒவ்வொருத்தருக்கா ஓட அப்ளை டு ஈச், உள்ள ஒரு மெயில் ஸ்டெப், அவ்ளோதான். மாசக்கணக்கா நல்லா ஓடுச்சு. ஒரு நாள் ரிசப்ஷன்ல ஒருத்தர் டிபன் கேரியரோட உக்காந்திருக்காரு, "ஏனுங்க, பக்கத்து யூனிட்டுக்கெல்லாம் மெயில் வந்துருச்சு, எனக்கு மட்டும் மூணு வாரமா வர்ல, எம்மேல ஏதும் கோவமாங்க?"ன்னாரு. லிஸ்ட்ல 137 பேரு. கெட் ஐட்டம்ஸ் நாம எதுவும் மாத்தலைன்னா முதல் 100ஐ மட்டும்தான் எடுக்குமுங்க. செட்டிங்ஸ்ல பேஜினேஷன (மிச்சத்தையும் பக்கம் பக்கமா எடுக்கறது) ஆன் பண்ணி ஒரு நம்பர் போடணும். புதுசா சேந்தவங்க எல்லாம் கடைசில இருக்கறதால அவங்களுக்கு மட்டும் போகல, ஃப்ளோவ கேட்டா எல்லா வாரமும் சக்சஸ்ங்குது. அவரு பாட்டுக்கு என்மேல கோவமான்னு கேட்டது இன்னும் காதுலயே இருக்குதுங்க.

ஸ்கோப்_மாமா

மேல மொதல் ஆளு சொன்னது சாஃப்ட்வேர் தப்பு இல்ல, அடிப்படை தெரியாம கட்டினது. கோச்சுக்காதீங்க. நான் இது மைக்ரோசாஃப்ட் ஃப்ளோன்னு இருந்த காலத்துலேந்து கட்டுறேன், பவர் ஆட்டோமேட்னு பேர் மாறினதே 2019 நவம்பர்லதான். ட்ரிகர் செட்டிங்ஸ்ல ட்ரிகர் கண்டிஷன்னு ஒண்ணு இருக்கு, அதுல ஸ்டேட்டஸ் அப்ரூவ்டு இல்லாட்டி மட்டும் ஓடுன்னு எழுதினா முடிஞ்சது. இன்னும் சொல்றேன் கேட்டுக்கோங்க. ஸ்டெப்ப போட்ட உடனே பேர மாத்துங்க, அதுவா வைக்கிற கம்போஸ் 7, கண்டிஷன் 4ன்னே விட்டா ஆறு மாசம் கழிச்சு நீங்களே முழிப்பீங்க. முக்கியமான ஸ்டெப்பெல்லாம் ஒரு ஸ்கோப்ல (பல ஸ்டெப்ப ஒண்ணா வைக்கிற பெட்டி) போட்டு, கீழ இன்னொரு ஸ்கோப் வச்சு, அதோட ரன் ஆஃப்டர்ல (முந்தின ஸ்டெப் எப்படி முடிஞ்சா இது ஓடணும்ங்கிற செட்டிங்) ஃபெயில் ஆனா, டைம் அவுட் ஆனா ரெண்டையும் டிக் பண்ணி உங்களுக்கு ஒரு மெயில் வர மாதிரி வைங்க. கனெக்‌ஷன (ஃப்ளோ மத்த ஆப்புக்குள்ள போற லாகின்) உங்க சொந்த ஐடில போடாதீங்க, நீங்க வேலைய விட்டு போனதும் ஃப்ளோவும் படுத்துரும். அப்ளை டு ஈச்ல கன்கரன்சிய (ஒரே நேரத்துல பல ஐட்டம் ஓடுறது) ஆன் பண்ணிட்டு உள்ள வேரியபிள்ல கூட்டல் போடாதீங்க, ஒவ்வொரு ரன்னுக்கும் ஒவ்வொரு டோட்டல் வரும். அப்ரூவலுக்கு பதிலே வரலைன்னா 30 நாள்ல ரன்னே முடிஞ்சிரும், அதுக்கும் ஒரு வழி யோசிச்சு வைங்க.

என் கதைன்னா பெருசா ஒண்ணும் இல்ல. டெஸ்ட் மெயில் ஸ்டெப்ல என் அட்ரஸுக்கு பதிலா ஆல் ஸ்டாஃப் குரூப்ப போட்டுட்டேன். "டெஸ்ட் டெஸ்ட் வேல செய்யுதா"ன்னு எம்டி வரைக்கும் போச்சு. அவர் "செய்யுது"ன்னு ரிப்ளை ஆல் போட்டாரு.

லூப்_ராணி

ஸ்கோப் மாமா, நீங்க சொன்ன கண்டிஷன்படியே வைப்போம், மேனேஜர் ரிஜெக்ட் பண்ணா என்ன ஆகும்? ஸ்டேட்டஸ் ரிஜெக்டட்னு மாறும், அது அப்ரூவ்டு இல்ல, அப்போ மறுபடி ஓடும், மறுபடி மெயில் போகும், அவர் எத்தன தடவ வேணாம்னு சொன்னாலும் கேட்டுக்கிட்டே இருக்கும். கல்யாணத்துக்கு பொண்ணு கேட்டு வர சொந்தக்காரங்க மாதிரி. ஸ்டேட்டஸ் 'புதுசு'ன்னு இருந்தா மட்டும் ஓடணும்னு வைக்கணும். அடிப்படை அடிப்படைன்னு சொல்றதுக்கு முன்னாடி இத பாத்திருக்கலாம்.

என் கதை என்எய்ட்என்ல (n8n, இதுவும் பவர் ஆட்டோமேட் மாதிரி ஒரு டூல்). சித்தப்பாவோட கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் ஃபார்ம், வெப்ஹூக்ல (வெளிலேந்து வர டேட்டாவ வாங்கிக்கிற யுஆர்எல்) விழுந்து ஷீட்ல ஏறி அவருக்கு டெலிகிராம் மெசேஜ் போகணும். அவர் முன்னாடி உக்காந்து ஃபார்ம நிரப்பினேன், ஃபோன் டிங்குன்னுச்சு, வாயெல்லாம் பல்லு. ஆனா வெப்சைட்ல நான் ஒட்டினது டெஸ்ட் யுஆர்எல். ஃப்ளோவ கட்டுற ஸ்க்ரீன நாம திறந்து வச்சு, கேக்குறேன்னு பட்டன அமுக்கி விட்ட கொஞ்ச நேரத்துக்குத்தான் அதுக்கு காது கேக்கும். ப்ரொடக்‌ஷன் யுஆர்எல் அதே நோட்ல பக்கத்து டேப்லயே இருக்கு. ஆவணி முகூர்த்த சீசன், நாலு நாள் ஒரு மெசேஜ் இல்ல, சித்தப்பா ஃபோன எடுத்து எடுத்து பாத்துட்டு "இந்த வருஷம் ஊர்ல யாருக்குமே கல்யாணம் இல்ல போல"ன்னு சித்திகிட்ட சொல்லிட்டு இருந்தாரு. நானும் ஆமா சித்தப்பான்னு வேற சொன்னேன்.

ஸ்கோப்_மாமா

ரிஜெக்ட் பாயிண்ட் சரிதான். உதாரணத்துக்குத்தான் சொன்னேன், அவசரத்துல டைப் பண்ணது.

நைட்_ஷிப்ட்

சின்னதா ஒண்ணு. பிறந்தநாள் வாழ்த்து ஃப்ளோ, ராத்திரி 12.05க்கு ஓடணும். ட்ரிகர்ல டைம் ஸோன் நம்ம ஊருதான் கரெக்டா போட்டேன். உள்ள தேதி எடுக்குற ஸ்டெப்ல யூடிசி நவ், அதாவது நம்ம ஊரு நேரம் இல்ல, உலகப் பொது நேரம். அந்த நேரத்துக்கு யூடிசில முந்தின நாள் சாயங்காலம் 6.35. அதனால எல்லாருக்கும் பிறந்தநாள் முடிஞ்சு, கேக்கு வெட்டி, அடுத்த நாள் பொறக்கும்போது வாழ்த்து போகுது. ஒருத்தர்கூட சொல்லல. எல்லாரும் தேங்க்ஸ்னு ரிப்ளை வேற போட்டிருக்காங்க. என் பிறந்தநாளுக்கு எனக்கே லேட்டா வந்தப்பதான் தெரிஞ்சுது.

பின்னலாடை_பையன்

லீவ் அப்ரூவல் அண்ணா, ஒரு டவுட்டுங்க. அந்த 11 தடவையும் லீவ் பேலன்ஸ் குறைக்கிற ஸ்டெப்பும் ஓடிருக்குமே?

லீவ்_அப்ரூவல்

கேட்டுட்டீங்களா. மேல வேணும்னேதான் சொல்லாம விட்டேன். ஓடுச்சு. அவனுக்கு பேலன்ஸ் 8 நாள் இருந்துச்சு, தடவைக்கு ரெண்டு நாள், 22 நாள் கழிஞ்சு மைனஸ் 14. நான் ஃப்ளோவ நிறுத்தி லூப்ப சரி பண்ணேன், பேலன்ஸ் லிஸ்ட திறந்தே பாக்கல, அது வேற லிஸ்ட். மாசக் கடைசில பேரோல்ல லாஸ் ஆஃப் பே போட்டு பாதி சம்பளம்தான் ஏறிருக்கு. அக்கா வளைகாப்புக்கு லீவு போட்ட பையன். அடுத்த மாசம் அரியரா குடுத்துட்டாங்க, ஆனா அந்த மாச வாடகைக்கு அவன் கடன் கேட்டு வந்தது என்கிட்டதான்.