டிரெய்லர் வாசல்படி: அம்மா கால் வைத்தால் வண்டியே சாய்கிறது, என்ன செய்யலாம்?

பயணக்கூடு:
வணக்கம். எங்களிடம் இருப்பது ஒற்றை அச்சு உள்ள சின்னப் பயண டிரெய்லர். பழையது, கைமாறி வந்தது. வாசலுக்குக் கீழே சேசிஸில் தொங்குகிற மடக்குப்படி ஒன்று இருக்கிறது. இழுத்தால் வெளியே வரும், கிளம்பும்போது உள்ளே தள்ளிவிடலாம். ஒரே ஒரு மிதிதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தப் படியில் அவர் காலை வைத்ததும் படி ஒரு விரல் அளவுக்குத் தாழ்கிறது, கூடவே வண்டியும் அந்தப் பக்கம் சாய்கிறது. போன பயணத்தில் இறங்கும்போது குதிகால் விளிம்பில் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து, உள்ளே போனால் வெளியே வரவே யோசிக்கிறார். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

நேற்று அடியில் குனிந்து பார்த்தேன். படியைத் தாங்கும் தகடு சேசிஸோடு சேரும் இடத்தில், வெல்டிங் முடிகிற முனையில், பெயின்டில் முடி போல ஒரு கோடு ஓடுகிறது. கோடு நெடுக துரு கசிந்திருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது.

மறுபடி வெல்டிங் வைத்தால் போதுமா? இரண்டு மிதி உள்ள மடக்குப்படி வாங்கி மாட்டலாமா? இல்லை, மரத்தில் தனியாகச் செய்துகொள்ளலாமா? எனக்குக் கொஞ்சம் மரவேலை வரும், வெல்டிங் வராது.

இரும்புப்பட்டறை:
தங்கச்சி, முதலில் அந்தப் படியில் இனி யாரும் ஏற வேண்டாம். நகம் மாட்டுகிறது, துரு கசிகிறது என்றால் அது பெயின்ட் வெடிப்பு இல்லை, இரும்பே விரிசல் விட்டிருக்கிறது. வண்டி ஓடும்போது வருகிற அதிர்ச்சியில் அது வளர்ந்துகொண்டே போகும்.

ஏன் அங்கே விட்டது என்று சொல்கிறேன். அம்மா 70 கிலோ என்று வையுங்கள். கால் படுகிற இடம் சேசிஸிலிருந்து 40 செ.மீ. வெளியே. அப்படியானால் சேசிஸை முறுக்குகிற விசை, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 28 கிலோ தொங்குவதற்குச் சமம். உங்கள் தகட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 5 செ.மீ. இடைவெளி இருந்தால், மேல் போல்ட்டுகளை வெளியே பிடுங்குகிற விசை 560 கிலோ. இரண்டு பக்கத் தகடும் பங்கு போட்டுக்கொண்டாலும் ஆளுக்கு 280. இது அசையாமல் நிற்கும்போது. பொத்தென்று இறங்கினால் இன்னும் ஏறும். சின்ன டிரெய்லரின் சேசிஸ் பெரும்பாலும் மெல்லிய பெட்டிக் குழாய் அல்லது சேனல். நேராக வரும் பாரத்தைத் தாங்கும், முறுக்கலைத் தாங்காது.

அதனால் இரண்டு மிதி உள்ள தொங்கும் படி இன்னும் மோசம். கீழ் மிதி இன்னும் வெளியே தள்ளி நிற்கும், முறுக்கல் கூடும். அதே சேசிஸில் அதை மாட்டாதீர்கள்.

மூலைமட்டம்:
பட்டறை அண்ணன் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. பயணக்கூடு, சில அளவுகள் வேண்டும். வண்டியை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ரசமட்டம் வைத்துச் சரிசெய்த பிறகு, தரையிலிருந்து வாசல் தளம் வரை எவ்வளவு? இப்போதைய மிதியின் மேல்பரப்பு எவ்வளவு உயரம்? கதவின் கீழ்விளிம்பு தளத்துக்கு எவ்வளவு கீழே இறங்குகிறது? கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? நீங்கள் வண்டியை நிறுத்துகிற வேறு இடங்களிலும் தளத்தின் உயரத்தை அளந்து பாருங்கள், ஒரே மாதிரி இருக்காது.

பயணக்கூடு:
அளந்தேன். சமதரையில் தளம் 58 செ.மீ., மிதி 34 செ.மீ. அதாவது முதல் ஏற்றம் 34, அடுத்தது 24! இவ்வளவு நாள் இதைக் கவனிக்கவே இல்லை. கதவு வெளியே திறக்கும், கீழ்விளிம்பு தளத்துக்கு 3 செ.மீ. கீழே. இந்த வாரம் வேறு இரண்டு இடங்களில் நிறுத்தி, வண்டியை மட்டம் பார்த்து அளந்ததில் ஓரிடத்தில் 54, சரிவான இடத்தில் 63.

மூலைமட்டம்:
அம்மாவின் முழங்காலுக்கு ஏன் வலிக்கிறது என்பது அந்த 34-இலேயே இருக்கிறது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதியில் வீட்டுப் படி ஒன்றின் உயரம் 19.6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரே வரிசையில் உயரமான படிக்கும் தாழ்வான படிக்கும் 9.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசமும் கூடாது. ஒரு படி ஏறியதும் அடுத்ததும் அதே உயரம் என்று கால் தானாக நம்பிவிடும். அந்த நம்பிக்கை பொய்க்கும் இடத்தில்தான் தடுக்கும்.

58-ஐ மூன்றாகப் பிரித்தால் 19.3. ஆக இரண்டு மிதி, மூன்றாவது ஏற்றம் வண்டியின் தளம். மிதியின் ஆழத்துக்கு 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளோந்தெல் காலத்திலிருந்து வருகிற கணக்கு ஒன்று உண்டு: உயரத்தை இரட்டித்து ஆழத்தைக் கூட்டினால் ஓர் எட்டின் நீளம், ஏறக்குறைய 60 முதல் 64 செ.மீ. வர வேண்டும். உங்களுக்கு 21 முதல் 25 வரும். வலிக்கும் காலுக்கு நான் 30 கொடுப்பேன். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம், பாதம் முழுசாகப் பதிய வேண்டும். அன்று குதிகால் வழுக்கியதும் மிதி குறுகலாக இருந்ததால்தான் இருக்கும்.

பெட்டி மாதிரி மரப்படி செய்யுங்கள். ஆனால் இரண்டு மிதியையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். தனித்தனி இரண்டு பெட்டிகள். காரணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தளம் 54-இல் இருக்கும்போது 18, 36 உயரத்தில் இரண்டு பெட்டி வைத்தால் மூன்று ஏற்றமும் 18, கச்சிதம். 63-க்குப் போனால், சின்னப் பெட்டிக்கு அடியில் 3 செ.மீ. பலகை, பெரியதுக்கு அடியில் 6 செ.மீ. இப்போது 21, 21, 21. ஒரே கட்டாகச் செய்திருந்தால் எங்கே முட்டுக் கொடுத்தாலும் நடு ஏற்றம் 18-இலேயே நின்றுவிடும், மற்ற இரண்டும் 22, 23 என்று போகும்.

நெடுவழி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வாசலுக்குள் நிமிர்த்தி மடக்குகிற படி ஒன்று வருகிறதே, இறக்கினால் அதன் கால்கள் தரையில் ஊன்றும். எங்கள் பெரிய வண்டியில் அதுதான். படி அசையவே அசையாது, கால்களின் நீளத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதை விட இது மேல் இல்லையா?

இரும்புப்பட்டறை:
நல்ல பொருள்தான் தம்பி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கீல் வாசல் தளத்தின் விளிம்பில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் கெட்டியான சட்டம் இருந்தால்தான் திருகு பிடிக்கும். பழைய சின்ன டிரெய்லர்களில் வாசலோரம்தான் மழைத்தண்ணீர் இறங்கி முதலில் உளுத்துப்போகிற இடம். திருப்புளியால் குத்திப் பார்க்காமல் அங்கே எதையும் மாட்டக் கூடாது. இன்னொன்று, மடக்கினால் படி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், மிதியில் ஒட்டிய சேறும் உள்ளே வரும். சின்ன வண்டியில் அந்த இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பயணக்கூடு:
வாசலை ஒட்டியே அடுப்பு மேடை, நிமிர்த்தி வைக்க இடமே இல்லை. தளத்தின் விளிம்பையும் குத்திப் பார்த்தேன், இடது மூலையில் திருப்புளி கொஞ்சம் இறங்குகிறது. அது தனி வேலை, பிறகு பார்க்கிறேன். மரப்பெட்டிக்கே போகிறேன். அதுவரை, இருக்கிற படியின் வெளிவிளிம்புக்கு அடியில் ஒரு திருகு ஜாக்கியை முட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாமா?

இரும்புப்பட்டறை:
வேண்டாம். விரிசல் இல்லாத படிக்கு அது நல்ல யோசனை, உங்களுக்கு இல்லை. முட்டு இறுக்கமாக நின்றுவிட்டால், உள்ளே நாலு பேர் நடக்கும்போது வண்டி சஸ்பென்ஷனில் அமுங்கும், படியோ அமுங்காது. வண்டியின் பாரம் அதே தகட்டைக் கீழேயிருந்து மேலே தள்ளும். விரிசலை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டது போல ஆகிவிடும்.

படியைக் கழற்றிவிடுங்கள். வெல்டிங் செய்பவரிடம் கொண்டுபோகும்போது, விரிசலின் மேலேயே பூசிவிடச் சம்மதிக்காதீர்கள். விரிசல் முடியும் நுனியில் சின்னத் துளை போட்டு, அதை நெடுக அரைத்தெடுத்து, நிரப்பி, மேலே ஒரு தகடும் வைத்துத் தரச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங். சேசிஸுக்கு நேர் மேலே தளத்தின் பலகையும், பல வண்டிகளில் நுரைத் தகடும் ஒயரும் இருக்கும். பொறி பட்டு உள்ளே புகைந்தால் வெளியே தெரியாது. வேலை முடிந்தும் நெடுநேரம் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மூலைமட்டம்:
அளவுகள்: பெரிய பெட்டி 60 அகலம், 45 ஆழம், 36 உயரம். சின்னது 54 அகலம், 30 ஆழம், 18 உயரம். 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் பெரியதன் உள்ளகலம் 56.4. அதற்குள் சின்னது நுழைந்துவிடும், ஓட்டத்தில் ஒரே பொட்டலம்.

பெரிய பெட்டியை மட்டும் ஏன் 45 ஆழம் என்கிறேன்? கதவு வெளியே திறக்கிறது. மேல் மிதியில் நின்று இழுத்தால் கதவு நம்மையே தள்ளும், ஒரு கால் பின்னால் வைத்தாக வேண்டும். பின்னால் வெறும் காற்று இருந்தால் விழுவோம். முடிந்தால் பெட்டியைக் கதவின் கைப்பிடி இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஓரமாக நின்று திறக்கலாம். தளம் 58-இல் இருக்கும்போது கதவின் கீழ்விளிம்பு 55-இல், அடியில் 2 செ.மீ. பலகை கொடுத்த பெரிய பெட்டியின் மிதி 38-இல், எனவே உரசாது.

செய்வதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: செங்கல்லும் பலகையும் அடுக்கி அதே உயரத்தில் ஒன்று அமைத்து, அம்மாவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பயணக்கூடு:
அடுக்கிப் பார்த்தாயிற்று. முதல் தடவை என் தோளைப் பிடித்தபடி ஏறினார். இரண்டாம் தடவை விட்டுவிட்டார். ஆனால் கடைசி ஏற்றத்தில் கை எதையோ தேடுகிறது, கதவையே பிடிக்கிறார். கதவு ஆடுகிறது. சின்னப் பலகை கொஞ்சம் முன்னால் நகர்ந்ததையும் பார்த்தேன்.

மூலைமட்டம்:
பலகை நகர்ந்ததை நல்லவேளையாகக் கவனித்தீர்கள். பெரிய பெட்டியின் முன்சட்டத்தில் இரண்டு கொக்கி, சின்னதன் பின்பக்கத்தில் நீளவாக்கில் துளை. துளை நீளமாக இருந்தால் உயரம் மாறினாலும் மாட்டும். அம்மா பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியை வாசலோரத்தில் நெட்டுக்குத்தாக, தரையில் நின்றாலும் கைக்கு எட்டுகிற நீளத்தில் வையுங்கள். வெளித்தகட்டில் மட்டும் திருகினால் ஒரு நாள் கையோடு வந்துவிடும். உள்ளே சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, போல்ட்டை உள்பக்கம் வரை விட்டு, பின்னால் தகடு வைத்து இறுக்குங்கள். துளையைச் சுற்றி சீலன்ட் அவசியம்.

மிதிக்கு ஒட்டுகிற சொரசொரப்பு நாடா சேற்றில் ஓரம் பெயர்ந்துவிடும். ஈரப் பெயின்டின் மேல் சலித்த மெல்லிய மணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைத் துடைத்து, இன்னொரு பூச்சு கொடுங்கள். வெறுங்காலுக்கும் உறுத்தாது. மிதியை ஒரே பலகையாகப் போடாமல் 6 மி.மீ. இடைவெளி விட்டு மூன்று துண்டாகப் போட்டால் மழைத்தண்ணீர் தேங்காது. பிளைவுட்டின் வெட்டு விளிம்புதான் தண்ணீர் குடிக்கும் வாய். அங்கே மூன்று பூச்சு, அடியில் ரப்பர் கால்.

நெடுவழி:
இரண்டு பெட்டியும் சேர்ந்து 14 கிலோ பக்கம் வரும். வண்டியின் நுனிப்பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இழுக்கும் கொண்டியில் விழுகிற பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாலிலும் வேண்டாம், வால் கனத்தால் ஓட்டத்தில் வண்டி பாம்பு போல நெளியும். அச்சுக்கு நேர் மேலே, வண்டியின் உள்தளத்தில், கட்டி வையுங்கள்.

பயணக்கூடு:
செய்து முடித்து ஒரு பயணமும் போய் வந்தோம். அடியில் கொடுக்க 1 செ.மீ., 2 செ.மீ., 3 செ.மீ. பலகைகள் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன். மண் பொதபொதவென்று இருந்த இடத்தில் பெட்டியின் ஒரு மூலை புதைந்தது. அங்கே 3 செ.மீ. பலகையை அகலமாகக் கொடுத்ததும் நின்றுவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. படி தரையில் நிற்பதால் அது ஆடவில்லை, ஆனால் அம்மா தளத்தில் கால் வைக்கும்போது வண்டி இன்னும் லேசாகத் தாழ்கிறது. மூலை ஜாக்கிகளை (வண்டியை நிறுத்தியதும் மூலைகளில் தரைக்கு இறக்கும் கால்கள்) இன்னும் ஏற்றலாமா?

இரும்புப்பட்டறை:
ஏற்றாதீர்கள் தங்கச்சி. மூலை ஜாக்கி ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க இல்லை. தூக்கினால் சேசிஸ் வளையும், கதவு சட்டத்தில் இறுகும். முதலில் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை, அப்புறம் மட்டம், கடைசியாக ஜாக்கி. அது தரையைத் தொட்ட பிறகு அரைச் சுற்று, அவ்வளவுதான். மண்ணாக இருந்தால் அதன் பாதத்துக்கும் பலகை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், அதற்குள் பாதம் மண்ணில் இறங்கியிருக்கும்.

பயணக்கூடு:
பாதத்துக்குப் பலகை கொடுக்காமல் விட்டிருக்கிறேன், அதுதான். இன்று வீட்டு வாசலிலேயே நிறுத்தி, கொடுத்துப் பார்த்தேன். தாழ்வது கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா இப்போது வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியை எடுக்க இரண்டு தடவை உள்ளே போய் வந்துவிட்டார், என்னைக் கூப்பிடவே இல்லை.