ஞாயிறு பள்ளியை விட்டு நகர ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் கிராமச் சபையின் ஞாயிறு பள்ளியைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். குடும்பங்கள் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டதால், இப்போது முன்வரிசைப் பாய்கூட நிறைவதில்லை. நகரச் சபையொன்று வாலிபர் ஊழியத்துக்குக் கூப்பிடுகிறது. போனால், இங்கே தேவன் தந்த அழைப்பைக் கைவிட்டதாகுமா?

பதில் 1:
சகோதரி, டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லிவந்த அவரிடம், 1901இல் கோவிலிலிருந்து தப்பிய சிறுமி ஒருத்தி அடைக்கலம் புகுந்தபின், பிள்ளைகளைப் பராமரிப்பதே அவருடைய வாழ்நாள் ஊழியமாயிற்று. 1931இல் விழுந்து காயமுற்று, 1951இல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தபோதும் எழுதுவதை விடவில்லை. அவர் அழைப்பை விட்டார் என்று யார் சொல்வார்?

பதில் 2:
ஒரு சிறு மறுப்பு. அம்மையார் புது ஊழியத்தைத் தேடிப் போகவில்லை. தேவைதான் வாசலுக்கு வந்தது. உங்களை இழுப்பது தேவையா, பெரிய மேடையா? (கேட்பதற்கு மன்னிக்கவும்.) அப்போஸ்தலன் பவுல் எபேசு பட்டணத்தை விட்டுப் புறப்பட்டபோதுகூட உடன் ஊழியர்களான ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் அங்கே விட்டுத்தான் போனார். மீதமிருக்கும் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

கேட்டவர்:
பாட்டுச் சொல்லித்தர ஒரு தங்கை முன்வந்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் நாடகம் வரை இருந்து, பாடம் நடத்தவும் அவளைப் பழக்கிவிட்டு, அதன்பின் போதகர் ஐயாவிடம் பேசுகிறேன்.