புதுப்பிப்பு: பதினான்காயிரம் ரூபாய்ப் பட்டியல் என்ன ஆனது?

போன வாரம் புலம்பியிருந்தேன்: நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காருக்கு சர்வீஸ் நிலையத்தில் இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினின் உள்ளே ரசாயனம் விட்டுக் கழுவுவது), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) சுத்தம், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றுவது, அடிப்பாகத்தில் துருத் தடுப்புப் பூச்சு என 14,000 ரூபாய்க்குப் பட்டியல் நீட்டினார்கள் என்று. “முதலில் காரோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள்” என்று இங்கே ஒருவர் சொன்னதுதான் உருப்படியான யோசனை.

புரட்டினேன். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்தம் இரண்டும் அதில் இல்லவே இல்லை. வண்டி திணறவில்லை, மைலேஜும் குறையவில்லை, இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஏசி ஃபில்டரை டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி நானே மாற்றினேன். பத்து நிமிட வேலைக்கு அவர்கள் கேட்ட கூலியை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

பிரேக் ஆயில் விஷயத்தில் நான்தான் தவறு. அதையும் ஏமாற்று வேலை என்று எழுதியிருந்தேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சினால் கொதிநிலை இறங்கும், சூடேறும்போது பிரேக் பிடிக்காமல் போகலாம். கையேட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருக்கிறது. நான் மூன்றரை ஆண்டு ஓட்டியிருக்கிறேன்! கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் பழையதை வடித்துக் காட்டினார், கடுங்காப்பி நிறம்.

அடிப்பாகப் பூச்சையும் வெட்டத்தான் இருந்தேன். வீடு கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், உப்புக்காற்று. அண்ணன் சைலென்சர் கிளாம்பை நகத்தால் சுரண்டினார், துரு செதில் செதிலாக உதிர்ந்தது. நன்றாகக் கழுவி, துருப்பிடித்த இடங்களில் மட்டும் பூசச் சொல்லியிருக்கிறேன். வண்டி நாளை வருகிறது.