ரப்பர்க் கையில் கற்றதும் வார்டில் கற்றதும்

பி.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டில், ஸ்கில் லேப்பில் இருந்த ரப்பர்க் கையில் எத்தனை முறை ஊசி குத்திப் பழகியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆயினும் இரண்டாமாண்டில், ஆண்கள் மெடிக்கல் வார்டில் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ஊசியால் கையில் செருகும் மெல்லிய குழாய்) போடச் சொன்னபோது, கையுறைக்குள் என் விரல்கள் நடுங்கியதை அவரும் பார்த்துவிட்டார். ரப்பர்க் கை வலியில் முகம் சுளிப்பதில்லை, “புதுசா வந்திருக்கியா பாப்பா?” என்று கேட்பதும் இல்லை.

அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். பல நாள் காய்ச்சலில் உடல் வற்றியிருந்தது. நாம் பேச்சில் நரம்பு என்று சொல்லும் சிரைகள், முதியவர்களுக்குத் தோலும் தோலடித் திசுவும் தளர்ந்திருப்பதால் ஊசி முனை பட்டவுடன் நழுவிவிடும் என்பதையும், அதைத் தடுக்க இடக்கைக் கட்டைவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதையும் தேர்வில் எழுதியவள்தான் நான். அந்த நேரத்தில் என் இடக்கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்கே நினைவில்லை. சிரை நழுவியது. பதற்றத்தில், கையில் இறுக்கிக் கட்டியிருந்த பட்டையான டூர்னிகேவை அவிழ்க்காமலேயே ஊசியை உருவிவிட்டேன். தோலுக்கடியில் இரத்தம் கட்டி, நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஸ்டாஃப் சிஸ்டர் வந்து பஞ்சை அழுத்திப் பிடித்துவிட்டு, மறு கையில் ஒரே முறையில் போட்டு முடித்தார்.

எங்கள் வகுப்பு மேடம் என்னிடம் பயப்படாதே என்று சொல்லவில்லை. ஒரு வாரம் ஊசியையே தொடக் கூடாது என்றும், காலையில் நாடித்துடிப்பு எண்ணும்போது, அனுமதி கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் கையிலும் சிரையைக் கண்ணை மூடித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். சிரை அழுத்தினால் அமுங்கி, விட்டால் மெத்தென்று எழும்பும், தமனி துடிக்கும், தசைநாண் கயிறுபோல் விறைப்பாக இருந்து, விரலை மடக்கினால் அசையும். இந்த வேறுபாடு என் ஆள்காட்டி விரலுக்குப் பிடிபட்ட நான்கைந்து நாள்களில், பயத்தின் பெரும்பகுதி தானாகவே விலகியது. நான் அஞ்சியது ஊசிக்காக என்றே அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில், எங்கே குத்துகிறேன் என்று தெரியாமல் குத்துவதற்கே அஞ்சியிருக்கிறேன்.

மறுமுறை, “நான் மாணவி, மேடம் பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு முறைதான் முயல்வேன், கிடைக்காவிட்டால் அவரே போடுவார்” என்று நோயாளியிடம் முன்னதாகவே சொல்லிவிட்டேன். அவர் சம்மதித்தார். வேண்டாம் என்றவர்களும் பின்னாளில் உண்டு; அது அவர்களின் உரிமை. தோலை இழுத்துப் பிடித்து, நீல நிற 22 கேஜ் ஊசியைச் சாய்வாகச் செலுத்தி, ஊசியின் பின்முனையில் உள்ள சிறு கண்ணாடி போன்ற அறையில் இரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்துக் குழாயை மட்டும் உள்ளே நகர்த்தினேன். ஊசியை உருவும் முன் டூர்னிகேவை அவிழ்த்தேன். தோலைத் துளைக்கும் வரை கை நடுங்கியது உண்மை. அதற்குப்பின் நடுக்கத்தைக் கவனிக்க நேரமில்லை.

•

மேலே எழுதிய சகோதரியின் அனுபவத்தை வாசித்ததும், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை நானும் எழுதத் துணிகிறேன். எனக்கு நடுக்கம் வந்தது பி.பி. பார்ப்பதில். எல்லாரும் எளிது என்று சொல்லும் வேலை என்பதால், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு நோயாளியின் சார்ட்டில் 120/80 என்று எழுதிவிட்டேன். சிறிது நேரத்தில் மேடம் மீண்டும் பார்த்தபோது 170/100 இருந்தது. அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிறகுதான், மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி, மேற்கையில் சுற்றிய பட்டையான கஃப்பில் காற்றை ஏற்றி, துடிப்பு மறையும் அளவைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதற்கு மேல் 30 மி.மீ. வரை ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் மெதுவாக இறக்கும் முறையைப் பொறுமையாகப் பழகினேன். எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதை விரல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இன்று என் வார்டுக்கு வரும் மாணவிகளில் யாரேனும் தயங்கித் தயங்கி “சத்தம் கேக்கல அக்கா” என்று வந்து நின்றால், ஸ்டெதாஸ்கோப்பை அவர்கள் காதிலேயே இருக்கவிட்டு, கஃப்பில் நான் காற்றை ஏற்றி இறக்குகிறேன், அவர்களுக்குக் கேட்கும் வரை.