தொட்டியில் கொசுப்புழு, சுவரில் பூஞ்சை: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மழை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் நான்கு வயது மகனும், ஆஸ்துமா உள்ள மாமியாரும் இருப்பதால் கவலையாக இருக்கிறது.

முதல் தலைவலி தண்ணீர்த் தொட்டி. வாளி, டிரம் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கும். (இது தெரியாமல் இரண்டு வருடமாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!) ஆனால் தரைக்கடியில் உள்ள பெரிய தொட்டியை வாராவாரம் எப்படிக் காலி செய்வது? மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே புழுக்கள் நெளிகின்றன. அந்த இடைவெளியை நீங்கள் எதைக் கொண்டு அடைத்தீர்கள்? வலை போதுமா, மூடியையே மாற்ற வேண்டுமா? குடிநீரிலும் போடக்கூடிய புழுக்கொல்லி உண்டு. யாராவது பயன்படுத்தியிருந்தால் அளவை எப்படி முடிவு செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்தது, படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஈரத்துணியை அங்கேயே உலர்த்துவது என் தவறுதான், வேறு இடமில்லை. துடைத்தால் நான்கே நாளில் திரும்பி வருகிறது. பிளீச்சிங் பவுடரின் நெடி மாமியாருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். நெடியில்லாத வழி ஏதாவது உண்டா?

தயவுசெய்து புகை போடச் சொல்லாதீர்கள், அதுவும் அவருக்கு ஆகாது.