நேரலைக்கும் எடிட்டிங்குக்கும் மேக்ரோ பேடு: திரை விசையா, மெக்கானிக்கலா?

மாலைவகுப்பு:
வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வாரத்தில் ஐந்து நாள் இரவு ஏழரைக்கு யூடியூபில் நேரலை. பகலில் அதே பாடங்களை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வெட்டிச் சின்ன வீடியோக்களாகப் போடுகிறேன். விண்டோஸ் கணினி, தனி ஆள். நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் நான்கு சீன் (திரையமைப்பு) வைத்திருக்கிறேன்: முகம், எழுதும் டேப்லெட், சிமுலேஷன், இடைவேளை. எல்லாவற்றையும் மவுசால்தான் மாற்றுகிறேன்.

போன வாரம் கிர்க்காஃப் விதி நடத்தும்போது தண்ணீர் குடிக்க மைக்கை மியூட் செய்தேன். திரும்ப எடுக்க மறந்துவிட்டேன். ஆறு நிமிடம் சத்தமே போகவில்லை. சாட்டில் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். டேப்லெட்டில் சர்க்யூட் வரைந்துகொண்டிருந்த நான் பார்க்கவில்லை. தேர்வுக்கு முந்தைய வகுப்பு என்பதால் மனசு கஷ்டமாகிவிட்டது. 15,000 ரூபாய்க்குள் ஒரு மேக்ரோ பேடு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் ஒரு வேலையை ஒதுக்கும் சின்ன விசைப்பலகை, வாங்க நினைக்கிறேன். ஒவ்வொரு விசையிலும் படம் தெரியும் ஸ்ட்ரீம் டெக் வகையா, சாதாரண மெக்கானிக்கல் விசை வைத்த பேடா? எது வாங்கலாம்?

திரைவிசை:
சார், உங்கள் சிக்கலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விசையை அழுத்தியது சரிதான். அழுத்திய பிறகு மைக் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. அதைக் காட்டத்தான் திரை விசை.

எல்காட்டோ நிறுவனம் முதல் ஸ்ட்ரீம் டெக்கை 2017ல் கொண்டுவந்தது. 15 விசை, ஒவ்வொன்றிலும் 72க்கு 72 புள்ளியில் படம். இப்போது ஆறு விசை மினி முதல் 32 விசை எக்ஸ்எல் வரை இருக்கிறது. நான்கு சீனும் ஒரு மைக்கும் என்றால் 2024ல் வந்த எட்டு விசை நியோ தாராளம். அமெரிக்காவில் 99.99 டாலருக்கு அறிமுகமானது. இங்கே அதைவிடக் கூடுதலாகத்தான் கிடைக்கும், வாங்கும் முன் இரண்டு மூன்று இடத்தில் விலை பாருங்கள்.

ஓபிஎஸ்ஸின் 28ஆம் பதிப்பிலிருந்து (2022) வெப்சாக்கெட் வசதி (வேறு நிரல்கள் ஓபிஎஸ்ஸோடு பேசும் வழி) உள்ளேயே வருகிறது. அதைப் பயன்படுத்தும் செருகுநிரலை டெக்கின் மென்பொருளில் போட்டால், ஓபிஎஸ்ஸோடு பேசி நிலையை வாங்கிக்கொள்ளும். மைக் ஐகானை மவுசால் மியூட் செய்தாலும் டெக்கில் படம் மாறிவிடும். அதாவது விசையில் நீங்கள் பார்ப்பது ஓபிஎஸ் சொல்லும் உண்மை நிலை. சாதாரண விசையில் இது கிடைக்காது.

கட்டைவிரல்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாட் கண் முன்னால் இருந்தும் சார் பார்க்கவில்லை என்கிறார். மேசை ஓரத்தில் கிடக்கும் ஒரு விரல்கடை படத்தை மட்டும் எப்படிப் பார்ப்பார்? கண் டேப்லெட்டில்தான் இருக்கும், பேனா பிடித்த கைக்குக் கீழே.

அடுத்தது, சிக்கல் மைக்கில் இல்லை, ஒரே விசை இரண்டு வேலை செய்வதில் இருக்கிறது. அழுத்தினால் மியூட், மறுபடி அழுத்தினால் பேச்சு என்று வைத்தால் எப்போதும் "இப்போது எதில் இருக்கிறேன்" என்ற கேள்வி வரும். ஓபிஎஸ்ஸின் ஹாட்கீ (ஒரு வேலைக்கான குறுக்குவிசை) பக்கத்தில் மியூட்டுக்கும் அன்மியூட்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. இரண்டுக்கும் இரண்டு விசை வையுங்கள். பேச ஆரம்பிக்கும் முன் அன்மியூட்டை அழுத்துங்கள். ஏற்கெனவே மைக் திறந்திருந்தால் ஒன்றும் ஆகாது, மூடியிருந்தால் திறக்கும். நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. சீன் மாற்றும் விசைகளும் அப்படித்தான்: "டேப்லெட் சீன்" விசையை பத்து முறை அழுத்தினாலும் டேப்லெட் சீன்தான்.

நான் சொல்வது க்யூஎம்கே என்ற ஃபர்ம்வேர் (பேடின் உள்ளே இருக்கும் மென்பொருள்) ஓடும், விசைகளை மாற்றும் வியா கருவியின் ஆதரவு உள்ள ஒரு பேடு. குரோம் உலாவியைத் திறந்து விசைகளை மாற்றலாம். மாற்றியது பேடின் உள்ளேயே பதிந்துவிடும். வேறு கணினியில் செருகினாலும் அதே விசைகள். எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஸ்ட்ரீம் டெக்கோ, கணினியில் அதை இயக்கும் மென்பொருள் ஓடாவிட்டால் எந்த வேலையும் செய்யாது.

விசைகளுக்கு எஃப்13 முதல் எஃப்24 வரை கொடுங்கள். யுஎஸ்பி விசைப்பலகைத் தரத்தில் இந்தப் பன்னிரண்டும் இருக்கின்றன, விண்டோஸுக்குத் தெரியும், ஆனால் சாதாரண விசைப்பலகையில் கிடையாது. அதனால் வேறு எந்த ஷார்ட்கட்டோடும் மோதாது.

பழையநம்பர்பேடு:
இவ்வளவு செலவு எதற்கு? வீட்டில் சும்மா கிடக்கும் யுஎஸ்பி நம்பர்பேடைச் செருகி, ஓபிஎஸ்ஸில் அந்த எண்களையே ஹாட்கீயாக வையுங்கள். சீன் எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டினால் முடிந்தது.

கட்டைவிரல்:
இதை நானும் செய்து பார்த்தேன். ஓபிஎஸ் ஹாட்கீ எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் வேலை செய்யும், அந்த விசை மற்ற நிரலுக்கும் போகும். சார் நேரலை நடுவே எக்செலில் மதிப்பெண் போட்டால் 3 அடித்ததும் சீன் மாறும். செருகியது இரண்டாவது பேடு என்று விண்டோஸில் ஓபிஎஸ்ஸால் பிரித்துப் பார்க்க முடியாது. பிரிக்கத் தனி நிரல் வேண்டும். எஃப்13 விசைகள் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

திரைவிசை:
இரண்டு விசை யோசனை நல்லது, அதை ஏற்கிறேன். ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். மெக்கானிக்கல் பேடு தகவல் அனுப்பும், பதில் வாங்காது. நீங்கள் அனுப்பிய எஃப்13 ஓபிஎஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததா? நேரலை நடுவே ஓபிஎஸ் உறைந்து போயிருந்தால்? விரலுக்கு டக் என்று பதில் கிடைக்கும், மைக் மட்டும் மூடியே இருக்கும்.

அதோடு, விசைகளை மேக்ரோவாக (பேடு தானாக அனுப்பும் விசை வரிசையாக) எழுதினால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓபிஎஸ் ஒரு சின்ன இடைவெளிக்கு ஒருமுறைதான் விசைகளைச் சோதிக்கிறது. மேக்ரோ கண் இமைக்கும் நேரத்தில் அழுத்தி விட்டுவிட்டால் ஓபிஎஸ் அதைக் கவனிக்காமலே போகலாம்.

கட்டைவிரல்:
அது உண்மைதான். தீர்வும் உண்டு: மேக்ரோ எழுதாமல் விசைக்கு நேரடியாக எஃப்13 என்று கொடுங்கள். விரல் அழுத்தியிருக்கும் நேரம் முழுக்க அது அழுத்தப்பட்டதாகவே இருக்கும், ஓபிஎஸ் தவறவிடாது. மேக்ரோதான் வேண்டுமென்றால் அழுத்துவதற்கும் விடுவதற்கும் இடையில் 50 மில்லிநொடி தாமதம் வையுங்கள்.

கல்யாணநேரலை:
பதினோரு வருடமாகக் கல்யாண வேலை. மண்டபத்தில் நான்கு கேமரா, கேமராக்களை மாற்றும் ஒரு ஏடெம் ஸ்விட்சர், பக்கத்தில் 15 விசை ஸ்ட்ரீம் டெக். டெக்கை பிட்ஃபோகஸ் கம்பானியன் என்ற இலவச மென்பொருள் வழியாக ஓட்டுகிறேன். எந்தக் கேமரா ஒளிபரப்பில் இருக்கிறதோ அந்த விசை சிவப்பாகும், அடுத்து வரப்போவது பச்சை.

இந்தச் சிவப்பு இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது. காரணம் இதுதான். என் பக்கத்தில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்ணின் மாமா வந்து "துபாயில் இருக்கிற பையனுக்குப் படம் வரவில்லையாம்" என்பார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது நான் எந்தக் கேமராவில் இருந்தேன் என்பது மறந்திருக்கும். அந்த நேரம் ஐயர் கெட்டிமேளம் என்று கை காட்டுவார். தாலி கட்டும் காட்சி ஒருமுறைதான். ஒரு நொடிப் பார்வையில் சிவப்பு எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

ஆனால் சத்தம் மட்டும் நான் குமிழில்தான் வைத்திருக்கிறேன், படம் எதுவும் இல்லாத வெறும் குமிழ். மேளம் எழுந்ததும் ஒலி எகிறும். கண் மணமேடையில் இருக்க, கை தானாகப் போய் இறக்கிவிடும். கட்டைவிரல் சொல்வதும் சரி, திரைவிசை சொல்வதும் சரி என்று சமாதானம் பேச நான் வரவில்லை. என் வேலைக்கு டெக்தான். சாருடைய வேலை வேறு. அவர் பக்கத்தில் மாமா யாரும் இல்லை.

சார், ஒரு கேள்வி. உங்கள் டேப்லெட் திரை உள்ளதா, திரை இல்லாத பலகையா?

மாலைவகுப்பு:
திரை உள்ளது. அதிலேயே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். கணினிக்கு அது இரண்டாவது மானிட்டர்.

கல்யாணநேரலை:
அப்படியென்றால் வழி அங்கேயே இருக்கிறது. ஓபிஎஸ்ஸின் ஆடியோ மிக்சர் பெட்டியைத் தனியாகப் பிய்த்து அந்தத் திரையின் மேல் ஓரத்தில் வையுங்கள். மியூட் ஆனால் சிவப்பு ஸ்பீக்கர் குறி எழுதும் இடத்துக்கு மேலேயே தெரியும். பேசும்போது பச்சைக் கோடு ஆடவில்லை என்றால் உடனே உறுத்தும். கண் போகும் இடத்துக்கு நிலையைக் கொண்டுபோங்கள், பேடு எதுவானாலும் சரி. ஒன்று மட்டும் கவனம்: டேப்லெட் சீனில் முழுத் திரையையும் பிடித்தால் மிக்சரும் மாணவர்களுக்குத் தெரியும். எழுதும் ஜன்னலை மட்டும் பிடியுங்கள்.

வெட்டுமேசை:
எல்லோரும் நேரலையையே பேசுகிறீர்கள். அண்ணா பகல் முழுக்க எடிட்டிங் செய்கிறார், அந்த நேரம்தான் அதிகம். நான் எட்டு மணி நேரம் ரிசால்வில் இருப்பவள். ஒரு நாளில் எத்தனை முறை வெட்டுவதற்கான கண்ட்ரோல் பி அடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த விசையில் படம் இருந்து எனக்கு என்ன பயன்? வெட்டும் இடத்தை விட்டுக் கண்ணை எடுத்தால் வேகம் போய்விடும்.

எடிட்டிங்குக்கு முக்கியம் குமிழ். இடப்பக்கம் ஒரு சொடுக்கு திருப்பினால் இட அம்பு, வலப்பக்கம் வல அம்பு. ஒரு சொடுக்குக்கு ஒரு ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்). வார்த்தை எங்கே முடிகிறது என்று விரலாலேயே தேடலாம். குமிழை அழுத்தினால் வெட்டு. ஸ்ட்ரீம் டெக் பிளஸ்ஸில் நான்கு குமிழ் இருக்கிறது, ஆனால் அது 199.99 டாலருக்கு வந்த பொருள், அண்ணாவின் கணக்குக்குள் அடங்குவது கஷ்டம்.

இன்னொன்று. டெக்கில் முன்னால் இருக்கும் நிரலுக்கு ஏற்ப விசைகள் தானாக மாறும்படி வைக்கலாம். எடிட்டிங்குக்கு அருமை. நேரலையில் அதை அணைத்து வையுங்கள். சிமுலேஷன் ஜன்னலைத் தொட்டதும் விசைகள் மாறி மைக் விசை காணாமல் போனால் என்ன செய்வீர்கள்?

திரைவிசை:
அது பயன்படுத்துபவர் அமைப்பது, பொருளின் குறை இல்லை. க்யூஎம்கேயில் லேயர் (அதே விசைகளுக்கு இன்னொரு வேலைத் தொகுப்பு) வைத்தாலும் இதே ஆபத்து உண்டு. பல பேடுகளில் எந்த லேயரில் இருக்கிறோம் என்பதைக் காட்டவும் எதுவும் இருக்காது.

கட்டைவிரல்:
அதனால்தான் லேயரைப் பூட்டிவைக்கும் விசையை நான் யாருக்கும் சொல்வதில்லை. அழுத்திப் பிடித்தால் மட்டும் இரண்டாம் லேயர், விட்டால் முதல் லேயர். விரல் அங்கே இருக்கிறதா இல்லையா என்பது விரலுக்கே தெரியும்.

மாலைவகுப்பு:
நிறைய தெளிவு கிடைத்தது. இன்னும் இரண்டு சந்தேகம். மூன்று விசையும் ஒரு குமிழும் உள்ள மலிவுப் பேடு ஆயிரம் சொச்சத்துக்குப் பார்த்தேன், அது போதுமா? சாட்டில் "வணக்கம் மாணவர்களே, இன்றைய பாடக் குறிப்பு கீழே" என்று தினமும் தட்டச்சு செய்கிறேன். ஒரே விசையில் வருமா?

பனிப்பறவை:
மலிவுப் பேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளே க்யூஎம்கே கிடையாது, சிஎச்552 போன்ற சின்னச் சிப். விற்பவர் கொடுக்கும் நிரலால்தான் விசைகளை மாற்ற வேண்டும். எனக்கு வந்த சீட்டில் இருந்த இணைப்பு திறக்கவே இல்லை. நான் லினக்ஸ் ஆள் என்பதால் இணையத்தில் ஒரு திறந்த மூல நிரலைத் தேடிப் பிடித்து ஓட்டினேன். பொறுமை இருந்தால் வாங்கலாம். ஆனால் சாருக்கு மைக்குக்கு இரண்டு, சீனுக்கு நான்கு என்று ஆறு விசை குறைந்தபட்சம் வேண்டும். மூன்று போதாது.

லினக்ஸுக்கு ஸ்ட்ரீம் டெக்கின் அதிகாரபூர்வ மென்பொருள் இல்லை. அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

தமிழ் விஷயத்தில் கவனம் வேண்டும். பேடு எழுத்தை அனுப்புவதில்லை, விசை எண்ணைத்தான் அனுப்புகிறது. "வணக்கம்" என்று பேடில் பதிய, தமிழ்99 விசைப்பலகை முறையில் எந்தெந்த விசை என்று பார்த்து அந்த வரிசையைப் பதிய வேண்டும். அழுத்தும் நேரத்தில் கணினி ஆங்கிலத்தில் இருந்தால் சாட்டில் குப்பையாக எழுத்து விழும். பேடிலிருந்து எஃப்19 மட்டும் அனுப்புங்கள். கணினியில் ஆட்டோஹாட்கீ என்ற நிரல் அதைப் பிடித்து முழு வாக்கியத்தையும் போடட்டும். ஆட்டோஹாட்கீயின் பழைய முதல் பதிப்பு என்றால் ஸ்கிரிப்டை (கட்டளைக் கோப்பை) யுடிஎஃப்-8 பிஓஎம் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் உடையும்.

திரைவிசை:
ஆக, எதையும் நிறுவ வேண்டாம் என்று ஆரம்பித்த பேடுக்கு இப்போது ஆட்டோஹாட்கீ வந்துவிட்டது. டெக்கில் இதற்கென்று தயாராக ஒரு ஆக்‌ஷன் இருக்கிறது. ஆசிரியர் வேலை செய்பவர் தன் நேரத்தை ஸ்கிரிப்ட் எழுதுவதில் செலவிட வேண்டுமா? என் கருத்து மாறவில்லை.

கட்டைவிரல்:
நியாயமான கேள்வி. ஒரு வரி ஸ்கிரிப்ட்தான், ஒருமுறை எழுதினால் போதும். ஆட்டோஹாட்கீ நின்றுபோனால் வாழ்த்துச் செய்தி மட்டும்தான் நிற்கும். மைக்கும் சீனும் தொடர்ந்து வேலை செய்யும். எதை எதன்மேல் சார்ந்திருக்க விடுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மாலைவகுப்பு:
முடிவு செய்துவிட்டேன். வியா ஆதரவு உள்ள, ஒன்பது விசையும் ஒரு குமிழும் கொண்ட பேடு. பகலில் குமிழால் ஃபிரேம் தேடுவது என்ற ஒரே காரணம் போதும் எனக்கு. மேல் வரிசையில் மியூட் இடக் கோடி, அன்மியூட் வலக் கோடி, நடுவில் வாழ்த்துச் செய்தி. கீழே ஆறில் நான்கு சீன். ஆடியோ மிக்சரை நேற்றே டேப்லெட் திரையில் வைத்துப் பார்த்தேன். பேடு வரும் முன்பே பாதி பயம் போய்விட்டது. கல்யாணநேரலை அண்ணாவுக்கு நன்றி. திரைவிசை நண்பரே, நீங்கள் வெப்சாக்கெட் பற்றிச் சொன்னதும் வீண்போகாது. இரண்டாவது கேமரா வாங்கும்போது உங்களிடம்தான் வருவேன்.

கடைசியாக ஒன்று: விசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் எந்த நிறம் வாங்கட்டும்? கடைக்காரர் நீலம் நன்றாக விற்கிறது என்கிறார்.

வெட்டுமேசை:
நீலம் வேண்டவே வேண்டாம் அண்ணா. கிளிக் சத்தம் மைக்கில் ஒவ்வொரு சீன் மாற்றத்துக்கும் கேட்கும். கிளிக் இல்லாத, சத்தம் குறைந்த சைலண்ட் லீனியர் என்று கேட்டு வாங்குங்கள். சாலிடர் இல்லாமல் கழற்றி மாட்டும் ஹாட்ஸ்வாப் பேடா என்றும் பாருங்கள், பிடிக்காவிட்டால் ஸ்விட்ச்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மைக்கைத் தாங்கும் கை அதே மேசையில் பிடித்திருந்தால் பேடுக்கு அடியில் தடித்த மவுஸ்பேடு ஒன்றைப் போடுங்கள், தட்டும் அதிர்வு மைக்குக்குப் போகாது.