அடகுப் போர்வையும் கூட்டுப் பணமும்: விளக்கம் தேவை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வெள்ளி இரவு நடக்கும் செபக்கூட்டத்துக்காகக் கேட்கிறோம். அடுத்த பகுதி விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 22:25-27: ஏழையிடம் வட்டி வாங்காதே, அடகுப் போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு.

காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) இருப்பதால் 40 நிமிடம்தான். அதில் 15 நிமிடம் நேர்ப்பொருளுக்கே: கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், அவரிடம் வேறு போர்வை இருந்ததா? இதைத் தாவினால் எதை வேண்டுமானாலும் உவமையாக்கிவிடுவார்கள். வட்டிக்காரரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்! பிறகுதான் கிறிஸ்துவைக் காட்டும் பொருள், நடத்தைப் பொருள், இறுதி நம்பிக்கைப் பொருள். விவிலியத்தைப் படிக்க 5ஆம் நூற்றாண்டில் துறவி காசியான் வகுத்துச் சொன்ன அதே நான்கு பொருள்கள்.

அலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) சம்பள ஏடிஎம் கார்டை ரகசிய எண்ணோடு ஒப்படைப்பது இன்றைய போர்வை. அதில் குழப்பமில்லை.

குழப்பம் கூட்டில்தான், அதாவது எல்லாரும் மாதாமாதம் பணம் போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுக்கும் சீட்டில். 10 பேர், மாதம் 200 ரிங்கிட். வரிசைப்படி எடுத்தால் வட்டியில்லை. ஏலத்தில் அவசரக்காரர் 2,000க்குப் பதில் 1,700 எடுத்து, மிச்சம் 300ஐ மற்றவர்கள் பங்கிட்டால் அது வட்டிதானே? (கூட்டு நடத்தும் தொழிலையே மலேசியாவின் 1971 சட்டம் தடை செய்கிறது, அது தனிக் கதை.) உங்கள் குழுக்களில் இதை எப்படி விளக்கினீர்கள்?

இன்னொன்று: திருப்பாடல் 15ஐ வைத்து வட்டிக்கு எதிராகப் புனித பசிலியார் ஆற்றிய மறையுரை தமிழில் யாரிடமாவது உண்டா? கிரேக்க விவிலிய எண்ணில் அந்தத் திருப்பாடல் 14, தேடும்போது கவனியுங்கள்.